புவெப்லா நகரில் ஓர் இந்திய அம்மையார்

கடல் கடந்து வந்த பொருள் ஒரு மண்ணில் வேரூன்றிவிட்டால் அது அம்மண்ணுக்கே உரியதாகிவிடுகின்றது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர், பெறுதற்கரிய கரும்பை இந்நிலத்திற்குக் கொணர்ந்தனர் என்று ஔவையார் புறநானூற்றில் புகழ்கின்றார். இன்று கரும்பை அயல்நாட்டுப் பயிர் என்று எண்ணுவார் ஒருவரும் இலர். கம்பைநல்லூரைச் சூழ்ந்த தருமபுரி மாவட்டத்து நிலங்களில் விளையும் மக்காச்சோளம், மிளகாய், தக்காளி, செண்டுமல்லி, சம்பங்கி ஆகியவற்றின் நிலையும் அத்தகையதே. இவை யாவும் மெக்சிகோ நாட்டுத் தொல்குடி மக்கள் பேணி வளர்த்தவை. ஐரோப்பியர் கப்பலேறி வந்தவை. இன்று மிளகாய் இன்றித் தமிழர் சமையல் இல்லை. செண்டுமல்லி இன்றித் திருவிழா இல்லை.

பயிர்கள் இவ்வழியே வந்த அதே காலத்தில், எதிர்த்திசையில் மனிதர்கள் சென்றனர். வந்த பயிரை இம்மண் நீரூற்றி வளர்த்தது. சென்ற மனிதருள் பலர் சங்கிலியில் பிணிக்கப்பட்ட அடிமைகளாகச் சென்றனர். அவர்களுடைய ஊரும் பெயரும் உறவும் கடலோடு போயின. அவ்வாறு சென்றோருள் ஒரே ஒருவர் மட்டும் மெக்சிகோ நாட்டு மக்களின் நெஞ்சில் 300 ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்து நிற்கின்றார். அவர் ஓர் இந்தியப் பெண். கத்தரீனா தே சான் உவான் என்பது அந்நாட்டார் அறிந்த பெயர். சீனா பொப்லானா, அதாவது புவெப்லா நகரத்துச் சீனப் பெண் என்பது அவர்க்கு வாய்த்த மற்றொரு பெயர். முதற்பெயர் மதம் தந்தது. இரண்டாம் பெயர் நாடு தந்தது. பெற்றோர் வைத்த பெயரோ வேறு.

கவரப்பட்ட சிறுமி

கத்தரீனா 17ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வட இந்தியாவில், முகலாயப் பேரரசின் ஆட்சிப் பகுதியில் பிறந்தவர். அக்பரின் காலம் முடிந்து சகாங்கீரின் ஆட்சி நடைபெற்ற காலம் அது. அவருடைய இளமைப்பெயர் மிர்ரா என்று அவர் வரலாற்றை எழுதிய பாதிரிமார் குறிக்கின்றனர். ஸ்பானிய மொழியில் அச்சொல் கைப்புச் சுவையுடைய வெள்ளைப்போளத்தைக் குறிக்கும். ஆகவே, வாழ்வின் கைப்பெல்லாம் அப்பெயரிலேயே அடங்கியிருந்ததாக அவர்கள் பொருள் விரித்தனர். மீரா என்னும் பெயரே அவ்வாறு திரிந்ததாகக் கருதுவோரும் உளர்.

அவர் அரச குலத்தில் தோன்றியவர் என்றும், அவர் பிறக்குமுன்பே தாய்க்குத் தெய்வக் காட்சிகள் தோன்றின என்றும் அந்நூல்கள் கூறும். தமிழில் அடியார் வரலாறுகளையும் தலபுராணங்களையும் கற்றோர்க்கு இத்தகைய கூற்றுகள் புதியன அல்ல. பெருமைக்குரியவர் எளிய குடியில் பிறந்திருத்தல் இயலாது என்பது பழைய கால எழுத்தாளர்களின் எண்ணம். ஆனால், அவ்வணிகளையெல்லாம் களைந்துவிட்டு நோக்கினாலும் எஞ்சும் உண்மை ஒன்று உண்டு. எட்டு, பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி கடற்கரையில் போர்ச்சுகீசியக் கொள்ளையரால் கவர்ந்து செல்லப்பட்டாள் என்பதே அது.

அக்காலத்தில் இது அரிய நிகழ்ச்சியன்று. வங்கக் கடலோரச் சிற்றூர்களில் போர்ச்சுகீசியக் கொள்ளையரும் அரக்கான் நாட்டாரும் புகுந்து மக்களைப் பிடித்துச் சென்று விற்றனர். சோழமண்டலக் கரையிலும் பஞ்சம் வந்தபோதெல்லாம் பெற்றோர் பிள்ளைகளை விற்கும் கொடுமை நிகழ்ந்தது. பழவேற்காட்டில் கோட்டை கட்டியிருந்த ஒல்லாந்தர் அவ்வாறு வாங்கிய மனிதர்களைக் கிழக்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேற்றினர். மிளகும் துணியும் ஏறிய துறைகளிலேயே மனிதரும் சரக்காக ஏறினர்.

தகடூர் நாடு நடுகற்கள் மலிந்த நாடு. கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கப் பொருது மாண்ட வீரனுக்குப் பெயரும் பெருமையும் பொறித்துக் கல் நட்ட மரபு இங்குள்ளது. கடலில் கவர்ந்து செல்லப்பட்ட அச்சிறுமியை மீட்டார் எவரும் இலர்.

கொச்சியில் பெற்ற பெயர்

கொள்ளையர் அச்சிறுமியைக் கொச்சித் துறைக்குக் கொண்டு சேர்த்தனர். கொச்சி அந்நாளில் போர்ச்சுகீசியரின் வலிமைமிக்க தளம். இயேசு சபைப் பாதிரிமார் அங்கே அவளுக்குத் திருமுழுக்களித்துக் கத்தரீனா தே சான் உவான் என்று பெயர் சூட்டினர். புனித யோவானின் கத்தரீனா என்பது அப்பெயரின் பொருள். பின்னாளில் கத்தரீனா தம் வாழ்வின் திருப்புமுனையாக நினைவுகூர்ந்தது இந்த நாளையே. கொள்ளையுண்ட சிறுமிக்கு, பரிவோடு தலையில் நீர் வார்த்த ஒரு கை ஆறுதலாக இருந்திருத்தல் இயல்பே. எனினும், திருமுழுக்கு அவளுக்கு விடுதலை தரவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஆன்மா மீட்கப்பட்டது என்றனர். உடல் விற்பனைப் பொருளாகவே இருந்தது.

கொச்சியிலிருந்து அச்சிறுமி பிலிப்பைன்சுத் தீவுகளின் தலைநகராகிய மணிலாவிற்குக் கொண்டு செல்லப்பட்டாள். ஸ்பானியரின் கிழக்குலக வாணிகத்திற்கு மணிலாவே நடுவிடம். சீனத்துப் பட்டும் பீங்கானும், மொலுக்காசுத் தீவுகளின் கிராம்பும் சாதிக்காயும், இலங்கைக் கருவாப்பட்டையும், சோழமண்டலக் கரையிலும் கூர்ச்சரத்திலும் நெய்த பருத்தித் துணிகளும் அங்கே வந்து குவிந்தன. அவற்றை விலைகொடுத்து வாங்க மெக்சிகோச் சுரங்கங்களில் எடுத்த வெள்ளி கப்பல் கப்பலாக வந்தது.

மணிலாக் கப்பல்

1565ஆம் ஆண்டு முதல் 1815ஆம் ஆண்டு வரை 250 ஆண்டுக்காலம் மணிலாவிற்கும் மெக்சிகோவின் அகாபுல்கோ துறைக்கும் இடையே ஸ்பானிய அரசின் பெருங்கப்பல்கள் சென்று வந்தன. மக்கள் அவற்றைச் சீனக் கப்பல் என்றே வழங்கினர். அகாபுல்கோவிலிருந்து மணிலாவிற்கு மூன்று திங்களில் வந்துவிடலாம். மணிலாவிலிருந்து திரும்பிச் செல்லவோ நான்கு முதல் ஆறு திங்கள் ஆகும். வடக்கே வெகுதொலைவு சென்று, மேல்காற்றைப் பிடித்துப் பசிபிக் பெருங்கடலைக் கடந்து, அமெரிக்கக் கரையை ஒட்டித் தெற்கே இறங்க வேண்டும். குடிநீர் குறைந்தும், உணவு கெட்டும், பல்லீறு வீங்கிக் குருதி கசியும் நோயாலும் மாண்டவர் பலர்.

1620ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் அத்தகைய கப்பல் ஒன்றில் கத்தரீனா அகாபுல்கோவில் இறங்கினார். அழகிய அடிமைப் பெண் ஒருத்தி வேண்டுமென்று மெக்சிகோவிலிருந்த அரசப் பிரதிநிதி சொல்லியனுப்பினார் என்றும், வழியிலேயே புவெப்லா நகரத்து வணிகர் ஒருவர் மிகுந்த விலை கொடுத்து வாங்கிக்கொண்டார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், அவர் சென்று சேர்ந்த வீடு புவெப்லாவைச் சேர்ந்த மிகேல் தே சோசா என்னும் போர்ச்சுகீசிய வணிகரின் வீடே.

ஆசியாவிலிருந்து மெக்சிகோ சென்ற அடிமைகள் எந்நாட்டவராயினும் சீனர் என்றே அழைக்கப்பட்டனர். வங்காளத்தார், மலையாளக் கரையினர், சாவகத்தார், மலாய் நாட்டார், பிலிப்பைன்சுத் தீவினர் எல்லாரும் அங்கே சீனரே. அவர்கள் வந்த கப்பல் சீனக் கப்பல். ஆகவே, வந்த மக்களும் சீனர். இந்தியாவில் பிறந்த கத்தரீனா சீனப் பெண்ணாகியது இவ்வாறே. பெயரை இழந்தவர் இங்கே நாட்டையும் இழந்தார்.

அடிமை வாழ்வு

புவெப்லா 1531ஆம் ஆண்டு ஸ்பானியர் புதிதாக அமைத்த நகரம். மெக்சிகோ நகருக்கும் கீழ்க்கரைத் துறையான வேராகுரூசுக்கும் இடையே உயர்நிலத்தில் அமைந்தது. கோதுமை வயல்களும் நெசவுக் கூடங்களும் மண்பாண்டத் தொழிலும் கன்னியர் மடங்களும் நிறைந்தது. சீனப் பீங்கானின் நீலப் பூவேலையைக் கண்டு அதனைப் போலவே வனைந்த புவெப்லாக் குயவரின் தலவேரா ஓடுகளும் கலங்களும் இன்றும் புகழ் பெற்றவை. கிழக்குலகப் பொருள்கள் ஒரு நாட்டின் கைவினையையே மாற்றியமைத்த நகரில் கிழக்குலகச் சிறுமி ஒருத்தி ஏவல் செய்து வளர்ந்தாள்.

சோசாவிற்கும் அவர் மனைவி மார்கரீத்தா தே சாவேசிற்கும் பிள்ளையில்லை. அதனால் கத்தரீனாவை மகளைப் போல் வளர்த்தனர் என்று பாதிரிமார் எழுதுகின்றனர். தையல், பூத்தையல், சமையல் முதலியவற்றை அவர் அவ்வீட்டில் கற்றார். எழுத்தறிவு அவர்க்குக் கிட்டவில்லை. ஸ்பானிய மொழியும் இறுதிவரை முழுமையாக வசப்படவில்லை. சிதைந்த சொற்களால் பேசினார். மகளைப் போல் வளர்த்தனர் என்னும் கூற்றை எடைபோட வேறு சான்று தேவையில்லை. பெற்ற மகளாயிருப்பின் விடுதலை செய்ய விருப்ப ஆவணம் தேவைப்பட்டிராது. சோசா இறக்கும் தறுவாயில் எழுதிய விருப்ப ஆவணத்தின் வழியாகவே கத்தரீனா அடிமை நிலையினின்று நீங்கினார்.

சோசா மறைந்தபின் மார்கரீத்தா கன்னியர் மடம் புகுந்தார். இருபது வயதை ஒட்டிய கத்தரீனா, உற்றார் ஒருவருமின்றி, அயல்நாட்டு நகரில் தனியராக நின்றார். விடுதலை கிடைத்தது, ஆனால், செல்வதற்கு வீடில்லை. பெத்ரோ சுவாரசு என்னும் பாதிரியார் அவரைத் தம் இல்லத்தில் பணிக்கு அமர்த்திக்கொண்டார்.

மணமும் நோன்பும்

பாதிரியார் இல்லத்தில் தொமிங்கோ சுவாரசு என்னும் அடிமை இருந்தார். அவரும் கத்தரீனாவைப் போல ஆசியாவிலிருந்து கொண்டுவரப்பட்டுச் சீனர் எனப் பெயர் பெற்றவர். பாதிரியார் இருவர்க்கும் மணம் முடிக்க விரும்பினார். கத்தரீனா துறவு வாழ்வையே விரும்பினார்; ஆயினும், அடைக்கலம் தந்தவரின் சொல்லைத் தட்ட இயலவில்லை. மணவாழ்வில் உடலுறவு கூடாதென்னும் உறுதியோடு அவர் இசைந்தார் என்பர். தம் படுக்கைக்கும் கணவன் படுக்கைக்கும் இடையே சிலுவையை நிறுத்திவைத்து அவர் தம் நோன்பைக் காத்தார் என்று அவருடைய வரலாற்று நூல்கள் உரைக்கின்றன. தொமிங்கோ இதனை எளிதில் ஏற்கவில்லை. இல்லறம் பூசலிலேயே கழிந்தது. பின்னர்த் தொமிங்கோ இறந்தார். கத்தரீனா மறுமணம் செய்துகொள்ளவில்லை.

இளமையில் அவர் மிகுந்த அழகுடையவராகவும் வெளிர்நிறத்தவராகவும் இருந்தார் என்றும், அவ்வழகு பிறர்க்குத் தீய எண்ணம் விளைத்தமையால் அதனை நீக்குமாறு இறைவனை வேண்டினார் என்றும், உடனே மேனி கறுத்து முகம் மாறியது என்றும் பாதிரிமார் எழுதியுள்ளனர். காரைக்கால் அம்மையார் வரலாற்றைப் பெரியபுராணத்தில் படித்தோர்க்கு இச்செய்தி வியப்பளிக்கும். கணவன் தம்மைத் தெய்வமென வணங்கிப் பிரிந்தபின், அவனுக்காகத் தாங்கிய தசைப்பொதியை நீக்கிப் பேயுருவம் வேண்டிப் பெற்றவர் காரைக்கால் அம்மையார். இரண்டு அம்மையாரும் உடலழகைச் சுமையாகக் கண்டனர். இருவரும் அதனை இறக்கிவைத்தனர்.

ஒப்புமையோடு வேற்றுமையும் உண்டு. காரைக்கால் அம்மையார் தம் அனுபவத்தைத் தாமே பாடினார். அவர் பாடிய பதிகங்களும் அந்தாதியும் இன்றும் ஓதப்படுகின்றன. கத்தரீனாவிற்கு எழுத்தில்லை. அவர் கண்டதையும் கேட்டதையும் எழுதியவர்கள் ஆடவர், ஐரோப்பிய மரபினர், துறவியர். ஓர் அடியவர் கருநிறத்தவராக இருப்பதை அக்காலத்து ஸ்பானிய நெஞ்சம் இயல்பாக ஏற்கவில்லை. ஆகவே, அவர் பிறப்பில் வெண்மையானவர், வேண்டுதலால் கறுத்தவர் என்று விளக்கம் தேவைப்பட்டது. ஒரு பெண்ணின் மேனி நிறத்திற்குக்கூட மற்றவர் காரணம் கற்பித்தனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நகரம் போற்றிய மூதாட்டி

தொமிங்கோவின் மறைவிற்குப் பின் கத்தரீனா இயேசு சபையினரின் கோயிலை ஒட்டிய ஒரு சிற்றறையில் வாழ்ந்தார். தைத்தும் பணி செய்தும் பெற்றதில் தமக்கு வேண்டியது போக மற்றதை ஏழையர்க்களித்தார். கரிய முரட்டு ஆடையே உடுத்தார். நோன்பும் வழிபாடுமாக நாள்கள் சென்றன. காலப்போக்கில் நகரத்து மக்கள் அவரிடம் வாழ்த்துப் பெற வந்தனர். நோயுற்றோர், பயணம் செல்வோர், கடலில் கணவரைப் பறிகொடுத்தோர் என்று பலரும் அவர் அறை வாயிலில் காத்து நின்றனர். ஒருகாலத்தில் அவரை விலைகொடுத்து வாங்கிய நகரம் அவர் சொல்லைக் கேட்கத் தலைதாழ்த்தி நின்றது.

அவர் கண்ட காட்சிகள் பல. உடல் புவெப்லாவில் இருக்க, உயிர் பறந்து சீனத்திற்கும் சப்பானிற்கும் ஐரோப்பாவிற்கும் சென்று வந்ததாக அவர் தம் ஆன்ம வழிகாட்டிகளாகிய பாதிரிமாரிடம் கூறினார். கடலில் தத்தளிக்கும் கப்பல்களைக் காத்ததாகவும் கூறினார். இயேசுவோடும் மரியன்னையோடும் நேருக்குநேர் உரையாடியதாகவும் சொன்னார். இவற்றை நம்புவதும் நம்பாமையும் அவரவர் உள்ளத்தைப் பொறுத்தவை. ஆயினும், ஒன்று தெளிவு. சங்கிலியால் பிணித்துக் கடல்களைக் கடத்திய ஒரு பெண், முதுமையில் தம் விருப்பம் போல் அக்கடல்களின்மீது பறந்து சென்றார். கப்பல்களுக்கு அஞ்சிய சிறுமி, கப்பல்களைக் காப்பவராயினார். தமக்கு நேர்ந்ததற்கு அவர் தம் உள்ளத்தில் தேடிக்கொண்ட மருந்து இதுவாதல் கூடும்.

அவர் வாழ்நாளிலேயே ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. அமெரிக்கத் தொல்குடியினரை அடிமை கொள்ளலாகாது என்று ஸ்பானிய அரசு 1542ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியிருந்தது. கிழக்குத் தீவுகளின் மக்களுக்கும் அக்காப்பு உண்டா என்னும் வழக்கு நெடுங்காலம் நடைபெற்றது. சீனர் எனப்பட்ட அடிமைகள் பலர் நீதிமன்றங்களை நாடித் தம் உரிமையைக் கேட்டனர். 1672ஆம் ஆண்டு, ஸ்பெயினின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த அரசி மரியானா அவர்களை விடுவிக்க ஆணையிட்டார். கத்தரீனா அப்போது அறுபதைக் கடந்த மூதாட்டி. ஆப்பிரிக்கரின் அடிமை நிலை முற்றும் நீங்குதற்கோ 1829ஆம் ஆண்டு வரை மெக்சிகோ காத்திருக்க நேர்ந்தது.

மறைவும் தடையும்

1688ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 5ஆம் நாள் கத்தரீனா இயற்கை எய்தினார். எண்பதைக் கடந்திருந்த அவருடைய உடலைக் காண நகரமே திரண்டது. நகரவையினரும் கோயிற்குருமாரும் துறவியரும் இறுதி ஊர்வலத்தில் பங்குகொண்டனர். கூட்டத்தினர் அவர் உடல்மேல் போர்த்திய துணியைத் துண்டு துண்டாகக் கிழித்துப் புனிதப் பொருளாகக் கொண்டு சென்றனர். இயேசு சபையினரின் கோயிலில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அக்கோயிலில் அவரை நினைவூட்டும் குறிப்பு இன்றும் உள்ளது.

அவருடைய ஆன்ம வழிகாட்டியாக இருந்த அலோன்சோ ராமோசு என்னும் இயேசு சபைப் பாதிரியார் அவர் வரலாற்றை மூன்று பெருந்தொகுதிகளாக எழுதி 1689, 1690, 1692 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டார். குடியேற்ற ஆட்சிக்கால மெக்சிகோவில் அச்சேறிய மிகப் பெரிய நூல்களுள் ஒன்று அது. ஓர் அரசரைப் பற்றியோ ஆளுநரைப் பற்றியோ அன்று, எழுத்தறியாத முன்னாள் அடிமைப் பெண்ணைப் பற்றி அத்துணைப் பெரிய நூல் எழுந்தது. ஒசே தெல் காசுத்தியோ கிராகேதா என்னும் மற்றொரு பாதிரியார் 1692ஆம் ஆண்டு சுருக்கமான வரலாறு ஒன்றை வெளியிட்டார். கத்தரீனா பேசிய சிதைந்த ஸ்பானிய மொழியை அவ்வாறே பதிவு செய்ய முயன்றமை அந்நூலின் சிறப்பு. அந்த அம்மையாரின் குரல் சிறிதேனும் கேட்கும் இடம் அது ஒன்றே எனலாம்.

மக்களின் பற்று, சமய விசாரணை மன்றத்திற்கு அச்சம் விளைத்தது. திருச்சபை புனிதர் என்று ஏற்காத ஒருவரை மக்கள் தாமே புனிதராக்கி வழிபடுவதை மன்றம் பொறுக்கவில்லை. 1691ஆம் ஆண்டு அவர் உருவப் படங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. ராமோசின் நூலை ஸ்பெயினின் மன்றம் 1692ஆம் ஆண்டும், மெக்சிகோவின் மன்றம் 1696ஆம் ஆண்டும் தடை செய்தன. படங்கள் பறிமுதல் செய்யப்பட்டன. படிகள் திரும்பப் பெறப்பட்டன. 1767ஆம் ஆண்டு இயேசு சபையினரும் ஸ்பானியப் பேரரசினின்று வெளியேற்றப்பட்டனர். கத்தரீனாவின் பெயரைச் சொல்ல ஆளில்லாத நிலை உருவாயிற்று. சிறுமியாக ஒருமுறை பெயரிழந்தவர், மறைந்தபின் மீண்டும் ஒருமுறை பெயரிழந்தார்.

ஆடையான பெயர்

மறந்த பெயர் 19ஆம் நூற்றாண்டில் எதிர்பாராத வடிவில் மீண்டது. மெக்சிகோ 1821ஆம் ஆண்டு விடுதலை பெற்றது. அக்காலத்தில் நகரங்களில் வாழ்ந்த எளிய குலத்து உழைக்கும் பெண்கள், கழுத்தைச் சுற்றிப் பூவேலை செய்த வெண்ணிறச் சட்டையும், மின்னும் சரிகைத் தகடுகள் பதித்த சிவப்புப் பாவாடையும், தோளில் ரெபோசோ என்னும் நீண்ட மேலாடையும் அணிந்தனர். அவர்களைச் சீனா என்றழைப்பது வழக்கம். அவ்வழக்கில் அச்சொல் சீன நாட்டைக் குறிப்பதன்று. எழில் வாய்ந்த உழைக்கும் குலப் பெண்ணைக் குறிப்பது. அவ்வுடைக்குச் சீனா பொப்லானா உடை என்று பெயர் நிலைத்தது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புவெப்லா நகர வரலாற்றை எழுதிய அந்தோனியோ கர்ரியோன் இவ்வுடையையும் பழைய கத்தரீனாவையும் இணைத்தார். இந்திய இளவரசி ஒருத்தி தன் நாட்டு உடையைப் புவெப்லாவில் அறிமுகம் செய்தாள், நகரப் பெண்கள் அதனைப் பின்பற்றினர் என்னும் கதை பரவியது. கேட்போர் உள்ளத்தைக் கவரும் கதைதான். ஆனால், வாழ்நாளெல்லாம் கரிய முரட்டுத் துணி உடுத்திய ஒரு நோன்பாளர்க்கும் மின்னும் சிவப்புப் பாவாடைக்கும் தொடர்பில்லை என்று 1920களில் நிக்கோலாசு லியோன் என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். அவர் மறைவிற்கும் அவ்வுடையின் எழுச்சிக்கும் இடையே ஒரு நூற்றாண்டிற்கு மேற்பட்ட இடைவெளி உண்டு.

ஆய்வாளர் மறுத்தும் கதை சாகவில்லை. 1910ஆம் ஆண்டு தொடங்கிய புரட்சிக்குப் பின் மெக்சிகோ, ஸ்பானியச் சாயலினின்று நீங்கித் தனக்கென அடையாளங்களைத் தேடிற்று. கொடியின் பச்சை, வெள்ளை, சிவப்பு நிறங்களை ஏற்ற சீனா பொப்லானா உடை தேசிய உடையாயிற்று. சார்ரோ என்னும் குதிரை வீரனின் உடையணிந்த ஆணும் இவ்வுடை அணிந்த பெண்ணும் ஆடும் அராபே தபாத்தியோ என்னும் ஆடல் தேசிய ஆடலாயிற்று. தரையில் வைத்த அகன்ற தொப்பியைச் சுற்றி ஆடும் ஆடல் அது. உருசிய நாட்டு ஆடலரசி அன்னா பாவ்லோவா 1919ஆம் ஆண்டு மெக்சிகோ நகரில் இவ்வுடை அணிந்து நுனிக்காலில் அதனை ஆடி நாட்டையே மகிழ்வித்தார். இன்று பள்ளி விழாக்களிலும் விடுதலை நாளிலும் சிறுமியர் இவ்வுடை அணிந்து ஆடுகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் அறிந்த கதையில் வருபவள் இளவரசி, அடிமையல்லள்.

உடையின் கதை புனைவாயினும் துணியின் உறவு உண்மை. மெக்சிகோவின் உழவரும் தொழிலாளரும் கழுத்திலும் தலையிலும் கட்டும் பூப்போட்ட சதுரத் துணிக்குப் பலியகாத்தே என்று பெயர். போர்ச்சுகீசியர் பழவேற்காட்டைப் பலயகாத்தே என்றழைத்தனர். அங்கிருந்து கப்பலேறிய வண்ணக் கைக்குட்டைகள் ஊர்ப்பெயரையே தம் பெயராகக் கொண்டு உலகைச் சுற்றி வந்தன. மெக்சிகோவின் விடுதலைப் போர்த் தலைவர்களுள் ஒருவரான ஒசே மரியா மொரேலோசு தலையில் கட்டிய துணியோடுதான் பெரும்பாலான ஓவியங்களில் காட்சி தருகின்றார். தமிழகக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றின் பெயரை மெக்சிகோ உழவன் நாள்தோறும் சொல்கின்றான்.

உணவிலும் இவ்வுறவு தெரிகின்றது. புவெப்லாவின் புகழ்பெற்ற மோலே என்னும் குழம்பில் அந்நாட்டு மிளகாய் வகைகளோடும் கொக்கோவோடும் கிழக்குலகிலிருந்து சென்ற கருவாப்பட்டையும் கிராம்பும் மிளகும் அரைத்துச் சேர்க்கப்படுகின்றன. அம்மியை ஒத்த மெத்தாத்தே என்னும் கல்லில் அரைப்பது பழைய வழக்கம். 1962 முதல் 1968 வரை இந்தியாவில் மெக்சிகோவின் தூதராக இருந்தவரும், 1990ஆம் ஆண்டு இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றவருமான கவிஞர் ஒக்தாவியோ பாசு, இந்தியாவைப் பற்றித் தாம் எழுதிய நூலில் இவ்விரு நாட்டுச் சமையலின் உறவை வியந்து பேசுகின்றார்.

மலர் வழி காட்டும் நாள்

மெக்சிகோ மக்களின் மரபுகளுள் தமிழர் நெஞ்சிற்கு மிக அணுக்கமானது நீத்தார் நாள். நவம்பர்த் திங்கள் முதல் இரண்டு நாள்களிலும் இறந்தோர் தம் வீடு தேடி வருவதாக அவர்கள் நம்புகின்றனர். இறந்தோரின் படத்தை வைத்து, அவர் விரும்பி உண்ட உணவைப் படைத்து, நீரும் உப்பும் விளக்கும் வைத்து, கொபால் என்னும் மரப்பிசினைப் புகைக்கின்றனர். கல்லறையிலிருந்து வீடு வரை செண்டுமல்லி இதழ்களைத் தூவிப் பாதை அமைக்கின்றனர். மலரின் நிறமும் மணமும் உயிர்களுக்கு வழிகாட்டும் என்பது நம்பிக்கை. மகாளய அமாவாசையில் நீத்தாரை நினைந்து படையலிடும் தமிழ் இல்லத்தார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மலரும் ஒன்றே, நினைவும் ஒன்றே.

இறந்தவரைப் பெயர் சொல்லி அழைப்பதே அந்நாளின் உயிர். பெயர் சொல்வார் உள்ளவரை இறந்தவர் முற்றும் இறப்பதில்லை. நடுகல்லில் வீரனின் பெயரைப் பொறித்த தகடூர் நாட்டாரின் எண்ணமும் அதுவே.

கத்தரீனாவை எப்பெயரால் அழைப்பது? கொள்ளையர் ஒன்றும் சொல்லாமல் விலை சொன்னார்கள். பாதிரிமார் கத்தரீனா என்றனர். நகரத்தார் சீனப் பெண் என்றனர். எழுத்தாளர் இளவரசி என்றனர். விசாரணை மன்றத்தார் சொல்லவே கூடாது என்றனர். நாடு அவரை உடையாக்கிக் கொண்டாடியது. ஒவ்வொருவரும் தத்தமக்கு வேண்டிய பெயரை இட்டனர். அப்பெயர்கள் அனைத்திற்கும் அடியில், கடற்கரையில் கவரப்பட்ட ஒரு சிறுமியும், அவளைப் பெயர் சொல்லித் தேடிய ஒரு தாயும் உண்டு. இளவரசியின் கதை இனிக்கும். அடிமையின் கதை கைக்கும். ஆயினும், கைப்பான அக்கதையே உண்மை. அதனை மறந்துவிட்டு உடையை மட்டும் போற்றினால், கவர்ந்தவர்களின் குற்றம் பட்டுத்துணியால் மூடப்படும்.

எழுத்தும் இல்லை, உறவும் இல்லை, நாடும் இல்லை. எனினும், அவர் வெறுப்பை வளர்த்துக்கொள்ளவில்லை. தம்மை விலைக்கு வாங்கிய ஊரின் ஏழைகளுக்கு உணவளித்தார். தம்மைக் கொண்டு சென்ற கப்பல்கள் கரை சேர வேண்டினார். அரச குலத்தில் பிறந்ததாகச் சொல்லப்படும் பெருமையினும் இப்பெருமை மிகப் பெரிது. தருமபுரித் தோட்டங்களில் செண்டுமல்லி பூக்குந்தோறும், அம்மலர் வந்த நாட்டில் மண்ணான ஓர் இந்தியச் சிறுமியையும் நினைத்தல் தகும். மலருக்குத் தாய்மண் மறந்துபோயிருக்கலாம். மிர்ராவிற்கு மறந்திராது.